யூ ஆர் வெரி ஐடில்

"எங்க தம்பி உனக்கு சோம்பேறியாம்மா?" என்று எனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் அக்கா போனில் பிடிபிடியென்று பிடித்தபோது, நான் ஒரு ஸ்கூட்டரின் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தூக்கிவாரிப்போட்டது. நானாவது, அப்படிச் சொல்வதாவது!

முந்தின நாள்தான் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசியிருந்தோம். மாப்பிள்ளை அச்சகத்தில் பிழை திருத்துபவர். என் பெரியம்மா அவரைச் சம்பளத்திலிருந்து சர்க்கரை வியாதி வரை குடைந்தெடுத்தாள். மனிதர் எரிந்தும் விழவில்லை, வாயடைத்தும் போகவில்லை. அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என் பட்டறையில் ஒரு நல்ல வண்டியை எப்படி மெச்சுவோமோ அப்படியே அவருக்கு மெசேஜ் தட்டிவிட்டேன். கொஞ்சம் கெத்தாக இருக்கட்டுமே என்று ஆங்கிலத்தில். 'யூ ஆர் வெரி ஐடில். ஐ லைக்.'

பிழை திருத்துபவர் சும்மா இருப்பாரா? அகராதியைப் புரட்டியிருக்கிறார். 'வேலை செய்யாத, சோம்பலான' என்று போட்டிருந்ததாம்.

"இந்தச் சம்பந்தமே வேணாம்னுட்டான்," என்று அக்கா போனை வைத்தார்.

என் பெரியம்மா வாய்க்குப் பயந்து ஓடாத ஒருவர் இன்னொரு தடவை கிடைப்பாரா? கிரீஸ் கையோடு என் பைக்கை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கே போய்விட்டேன்.

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க. எனக்கு வேலை இருக்கு. சோம்பேறி இல்ல பாருங்க."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன்.

"நான் ஆக்சிலேட்டரத் தொடவே இல்ல. அலறுதா? அணையுதா? எங்க பட்டறைல ஐடில்னா இதுதாங்க. இப்படி ஒரு வண்டி லேசுல அமையாது. உங்கள அவ்வளவு பிடிச்சிருக்குன்னு சொன்னேன், வேற ஒண்ணுமில்ல."

அவர் தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். மாடி ஜன்னலில் நாலைந்து தலைகள் முளைத்துவிட்டன. அவர் காது மடல் சிவந்தது.

"ரெண்டாவது அர்த்தம்னு ஒண்ணு போட்டிருந்துச்சு," என்றார் மெதுவாக. "கோவத்துல படிக்காம மூடிட்டேன்."

"நீங்கல்லாம் பிழை திருத்துறீங்க!"

அவர் சிரித்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கியர் போடக் கால் வரவில்லை.

பின் சீட்டில் கனம் ஏறியது. வண்டி லேசாக அமுங்கி, அதே சீரான சத்தத்தோடு நின்றது.