ஓடாத வண்டியின் எண்ணெய்

1

போன மாதம் எஞ்சின் எண்ணெய் மாற்றியபின் பதினொரு மைல் மட்டுமே ஓடிய வண்டியில், அந்த எண்ணெய் மோர் போல வெளுத்துப்போனது ஏன்? டிரைவர் சந்தனத்துக்குத் தெரியவில்லை. வண்டியோடு வந்த புத்தகம் ஐந்நூறு மைலுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்கிறது. ஐந்நூறு எங்கே, பதினொன்று எங்கே.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நண்பர் ஒருவர் கேரவன் வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. வருடத்தில் பதினொரு மாதம் அது அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. "ஓடாத வண்டிக்கு ஆயில் எத்தனை நாளுக்கு ஒருதரம் மாத்தணும்?" என்று கேட்டார். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் மூடுபனி வந்துவிட்டது. நான்காவது வரியில் சந்தனம் வந்தார்.

2

முதல் தொடக்கம்: "1931ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், சக்குபள்ளத்து ஏலக்காட்டுச் சரிவில் ஒரு மரவீடு மெல்ல நகர்ந்து—"

(வீடு ஏன் நகர்கிறது என்று சொல்லாமல் நகர்த்தினால் இது பேய்க்கதையாகிவிடும். நிறுத்தினேன்.)

இரண்டாவது தொடக்கம்: கல்பாத்தியைச் சேர்ந்த சாம்பசிவன் நிலம் அளப்பவர். தன் கையால் பொங்கியதைத் தவிர வேறெதையும் உண்ணாதவர். ஏலமலையில் தோட்டம் தோட்டமாக அளந்துகொடுக்க ஒப்புக்கொண்டபோது அவருக்கு இருந்த பெரிய கவலை சமையலறை. அதனால் ஒரு பழைய லாரியை வாங்கி, அதன் முதுகில் பலகையால் அறை கட்டி, அடுப்பையும் பூஜைப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டார். ஓட்டுவதற்குப் போடிப் பக்கத்துக்காரரான சந்தனம்.

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

அந்த வண்டியை எனக்குக் கண் மூடாமலே பார்க்க முடிகிறது. அளவுச் சங்கிலி ஒரு துண்டு நிலத்தை முடித்ததும் வீடு கால் மைல் நகரும். சன்னலில் நேற்றிருந்த மலை இன்று இருக்காது. எஞ்சின் முனகத் தொடங்கியதும் பூஜைப் பெட்டிக்குள் மணி தானாகக் கிணுகிணுக்கும். ஏலச்செடிகளுக்கு மேல் புகைபோக்கி மட்டும் பனியில் மிதந்துபோகும், கீழே சக்கரங்கள் இருப்பதையே மறந்துவிட்டதுபோல.

வண்டி நிற்கும் நாட்களிலும் சந்தனம் காலையில் எஞ்சினின் முன்துளையில் கம்பியைப் போட்டுச் சுற்றி அதை எழுப்பி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. பிரியம்.

3

எண்ணெய் வெளுத்திருந்ததைச் சாம்பசிவனும் பார்த்துவிட்டார்.

"சந்தனம், இது என்னவாக்கும்?"

"எண்ணெய் சாமி."

"மோரு மாதிரின்னா இருக்கு. கறிவேப்பிலை கிள்ளிப் போட்டா சாதத்துல விட்டுக்கலாம்."

"நல்ல எண்ணெய்தான் ஊத்துனேன். சாமி முன்னாடிதான டின்னு ஒடைச்சேன்."

"உடைச்சதைப் பாத்தேன். அப்புறம் பாதி எங்க போச்சுன்னு நீதான் சொல்லணும். வித்துட்டு ஓடைத் தண்ணியை விட்டிருக்காய். பால்ல தண்ணி விடறவாளைப் பாத்திருக்கேன், எண்ணெயில விடறவனை இப்பத்தான் பாக்கறேன்."

"தண்ணி விட்டா எஞ்சினு செத்துப்போகும்னு எனக்குத் தெரியாதா சாமி?"

"தெரிஞ்சுண்டுதான் எல்லாரும் திருடறா. போடிக்குச் சொல்லி அனுப்பியாச்சு. வேற டிரைவர் வர்ற வரைக்கும் நீ ஓட்டு."

சாம்பசிவனைக் கெட்டவராக்க எனக்கு ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். மூடியிருக்கும் இரும்புக்குள் தண்ணீர் இருந்தால் யாரோ ஊற்றியிருக்க வேண்டும். ஆனால் சந்தனத்தின் பக்கம் கணக்கு வேறு. ஒரு மலையில் திருடன் என்று பெயர் வாங்கிய டிரைவரை அடுத்த மலையிலும் யாரும் வண்டியில் ஏற்றமாட்டார்கள். இருந்த மோட்டார்களோ ஏழோ எட்டோ. அதற்குப் பிறகு அவர் வாழ்நாள் முழுக்க மூட்டைதான் தூக்க வேண்டும்.

4

வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது. கீழே குழாய் வழியாகச் சூடு ஓடும். மேலே தட்டுகளில் பச்சைக்காய் பரப்பியிருக்கும். தீயைப் பார்த்துக்கொள்பவர் அழகுத்தாய்.

"என்னண்ணே, மூஞ்சி ஈரக்காய் மாதிரி இருக்கு?"

சந்தனம் சொன்னார்.

"தெனம் எம்புட்டு நேரம் ஓட்டுவீக?"

"அஞ்சு நிமிசம். அது விறைச்சுப் போகக்கூடாதில்ல தாயி."

அழகுத்தாய் சிரித்தார். "இங்க ஒருத்தி இப்படித்தான். விறகை மிச்சம் பிடிக்கிறேன்னு பாதிச் சூட்டுல தீயை அமத்திட்டா. காயெல்லாம் வேர்த்துப்போச்சு. மறாநாளு பாத்தா பூராவும் பூஞ்சை. சூடு காட்டுனா முழுசாக் காட்டணும், இல்ல காட்டவே கூடாதுண்ணே."

"காய்க்குள்ள ஈரம் இருக்கு, வேர்க்கும். எஞ்சினுக்குள்ள ஏது?"

"அது உங்க தொழிலு. என்னையக் கேட்டா?"

[அவர்கள் இருவருக்கும் தெரியாததை இங்கே நான் சொல்லிவிடுகிறேன். ஈரம் பெட்ரோலிலிருந்து வருகிறது. பெட்ரோல் எரியும்போது தண்ணீர் பிறக்கிறது. ஒரு டின் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு டின் தண்ணீர், ஆவியாக. பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டனின் ஓரமாகக் கசிந்து எண்ணெய் இருக்கும் அடித்தொட்டிக்கு இறங்கும். எஞ்சின் நன்றாகக் காய்ந்திருந்தால் அங்கிருந்தும் ஆவியாகவே வெளியேறும். குளிர்ந்த இரும்பில் பட்டால், குழம்புச் சட்டியின் மூடியில்போல முத்து முத்தாகத் திரண்டு எண்ணெயில் சொட்டும். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் தண்ணீரை உண்டாக்க மட்டுமே முடியும், விரட்ட முடியாது. சந்தனத்தின் பிரியம் தினமும் ஒரு சிறு கரண்டித் தண்ணீரை உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தது.]

5

அடுத்த பகுதியை முதலில் தவறாக எழுதினேன். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டாலும், அழகுத்தாய் சொன்ன பாதிச் சூடுதான் காரணம் என்று சந்தனத்துக்குப் பட்டுவிடுகிறது. புது எண்ணெய் ஊற்றுகிறார். காலை ஐந்து நிமிடத்தை விட்டுவிடுகிறார். ஓட்டும்போது உடும்பஞ்சோலை மேடுவரை ஓட்டிச் சூடேற்றுகிறார். இருபது நாள் கழித்து எண்ணெய் சுத்தமாக இருக்கிறது. சாம்பசிவன் அவர் தோளைத் தட்டி—

தட்டமாட்டார். "நான் கண்ணு வச்சுண்டிருக்கேன், அதான் நீ தண்ணி விடலை" என்பார். எண்ணெய் நன்றாக இருந்தால் சந்தனம் திருடன் என்பது உறுதியாகிவிடும். கதையின் இந்த ஓட்டையை நான் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் வழி சொன்னவர் சந்தனம்தான்.

"சாமி, புது எண்ணெயை நீங்களே ஊத்துங்க. மேல் மூடிக்கும் எண்ணெய் வடிக்கிற அடித் திருகாணிக்கும் அரக்கு வச்சு உங்க முத்திரையப் போடுங்க. நான் பழையபடி தெனம் அஞ்சு நிமிசம் மட்டும் ஓட்டுறேன்."

"எண்ணெய் நன்னா இருந்தா?"

"நான் திருடன். நீங்க சொல்லாமலே எறங்கிப் போயிடுறேன்."

அந்த இருபது நாட்கள் எனக்குக் கனவுபோலத்தான் தெரிகின்றன. வீடு அரை பர்லாங்கு நகர்கிறது, நிற்கிறது. மணி கிணுகிணுக்கிறது, ஓய்கிறது. பனிக்குள் ஒரு மனிதர் தான் நேசிக்கும் எஞ்சினின் எண்ணெய் கெட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தினமும் கம்பியைச் சுற்றுகிறார்.

இருபத்தொன்றாம் நாள் போடியிலிருந்து புது டிரைவர் வந்து சேர்ந்தார். அவர் எதிரிலேயே சாம்பசிவன் பூதக்கண்ணாடியால் அரக்கைப் பார்த்தார். உடைத்தார். திருகாணியைக் கழற்றச் சொன்னார்.

முதலில் தண்ணீர் வந்தது. பிறகு மோர்.

சாம்பசிவன் விரலில் தொட்டுத் தேய்த்தார். "முத்திரை என்னோடதாக்கும்" என்றார்.

சந்தனம் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கெட்டுப்போன எண்ணெயைப் பார்த்து ஒரு மனிதர் இவ்வளவு நிம்மதி அடைந்து நான் எழுதியதில்லை.

6

போடி டிரைவர் அன்றே திரும்பிப் போனார். அதுவரை எனக்கு நிச்சயம்.

சாம்பசிவன் மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். அவர் வாயில் அந்தச் சொற்கள் நிற்கவில்லை. சந்தனம் வேலையை உதறிவிட்டு இறங்கிப் போவதாக இன்னொன்று; ஸ்டியரிங்கை விட அவர் கை வரவில்லை. இரண்டையும் உங்களிடமே விடுகிறேன். எது சரி என்று படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாம்பசிவன் அன்று மாலை ஓட்டுநர் இருக்கைக்கு மேல் ஒரு தாள் ஒட்டினார். 'டிரைவர் சந்தனம் தெரிவித்தபடி' என்று அது தொடங்குகிறது. அழகுத்தாயின் பெயர் அதில் இல்லை. எந்த இடத்தில் சேர்க்கலாம் என்று நீங்கள் பாருங்கள். தாளில் நண்பருக்கான பதிலும் இருப்பதால் முழுவதையும் தருகிறேன் (மைலும் மாதமும் அந்தக் காலத்து எண்ணெய்க்கு; அவர் தன் வண்டிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்):

"டிரைவர் சந்தனம் தெரிவித்தபடி. எஞ்சின் எண்ணெயை ஐந்நூறு மைலுக்கு ஒருமுறை, அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றவும். மழை மாதங்களில் வண்டி ஓடாவிட்டாலும் மாதம் ஒருமுறை மாற்றவும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழையதை வடிக்கவும். சும்மா ஐந்து நிமிடம் ஓட்டக்கூடாது. எடுத்தால் முக்கால் மணி நேரமாவது ஓட்டிய பிறகே நிறுத்தவும்."