படகில் பறிபோன கிழங்கு

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று சுவா நகரச் சந்தையில் எல்லாருக்கும் தெரியும். அன்று படகில் அதை எப்படி அடக்கினேன் என்பது எனக்கே ஆச்சரியம்.

அம்மா வசிதியின் ஊரான வைரோகோவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாற்பத்துமூன்று வயதில், முதல் முறையாக! எங்கள் வழக்கப்படி, அப்பா வீட்டார் திமிங்கலப் பல்லோடு கூட்டிப்போய், அதைக் கொடுத்துப் பேசி முகம் காட்டாத வரை, பிள்ளை தாய்மாமன் ஊரில் கால் வைக்கக் கூடாது. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அவருக்கு அண்ணன் தம்பியும் கிடையாது. அவர் எடுத்துவைத்த பல் மட்டும் துணியில் சுற்றியபடியே கிடந்தது. படுத்த படுக்கையான அம்மா, "நான் கண்ணை மூடறதுக்குள்ள உன் மூஞ்சிய எங்க ஊருல காட்டிருடி" என்றாள். ஆள் இல்லாவிட்டால் என்ன, நானே பேசிக்கொள்கிறேன் என்று பல்லை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பக்கத்திலிருந்த நரைமீசைக்காரர் தன் பெயர் இலைசா என்றார். "அப்பாவுக்கு எந்த ஊரும்மா?"

"நாகலோ."

அவ்வளவுதான். என் மடியிலிருந்த, கிழங்கும் மீனும் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பறித்துப் பிரித்தார். "பார்த்ததுமே நெனச்சேன், நாகலோ மூஞ்சிதான். வவ்வால் கடிச்சுப் போட்ட பலாக்காய் மாதிரி."

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் ஊரும் நாகலோவும் ஒரே மூதாதையின் வழி. அப்படிப்பட்டவர்கள் ஒருவர் பொருளை ஒருவர் பிடுங்கலாம், வாய்க்கு வந்தபடி ஏசலாம். கோபப்பட்டவர்தான் தோற்றவர்.

"நல்லாத் தின்னுங்க. உங்க ஊருல கிழங்கே மொளைக்காதாமே!" என்றேன்.

"மீனுக்கு உப்பு பத்தலை" என்று முள்ளைத் துப்பினார் மனிதர். தின்றபடியே நான் எதற்குப் போகிறேன், அம்மா பெயர் என்ன, என் வயது என்ன என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. நான் கோபத்தை விழுங்கிக்கொண்டு சிரித்து வைத்தேன்.

வைரோகோவில் சபை வீட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். எதிரே மாமன்மார் வரிசை. நடுவிலிருந்த பெரியவர் கேட்டார்: "இந்தப் பொண்ணை யாரு கூட்டிட்டு வந்தது?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சந்தையையே அதிரவைக்கும் என் வாய் ஒட்டிக்கொண்டது. யாருமில்லை என்று சொன்னால் முகம் காட்டியதாக ஆகாது. அம்மாவிடம் போய் என்ன சொல்வேன்?

அப்போது ஒருவர் குனிந்தபடி வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தார். இலைசா! படகிலிருந்து என் பின்னாலேயே இறங்கி வந்திருக்கிறார். மீசையில் கிழங்குத் துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. பொட்டலத்தைப் பறித்த அதே உரிமையோடு என் கையிலிருந்து பல்லை வாங்கினார்.

"நாங்கதான் கூட்டிட்டு வந்தோம், அப்பா வீட்டுக்காரங்க. எங்களுக்கும் நாகலோவுக்கும் ஒரே பாட்டன். நாப்பத்துமூணு வருசம் தாமதமாயிடுச்சு, பொறுத்துக்குங்க. உங்க வசிதி பெத்த பொண்ணோட மூஞ்சி இது. பாத்துக்குங்க."

பெரியவர் பல்லை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மாமன்மார் குவிந்த கைகளால் தட்டினார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"அழாதடி, இருக்கிற மூஞ்சியும் மோசமாகுது" என்றார் இலைசா.

"நீங்க மொதல்ல மீசையத் தொடைங்க, சித்தப்பா" என்றேன். அந்தச் சொல்லை அதற்கு முன் நான் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. புண்ணியவான், நூறு வருடம் நன்றாயிருக்கட்டும்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன். "உனக்காக யாருடி பேசினது?" என்றாள்.

"என் சோத்தைப் புடுங்கித் தின்ன ஒரு திருடன்மா."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"அப்ப உங்கப்பா வீட்டு ஆளுங்க வந்துட்டாங்கன்னு சொல்லு."