மௌன விரதமும் இரண்டு மாத்திரையும்

பேசுவதற்கே சம்பளம் வாங்கும் வானொலி அறிவிப்பாளர், வீட்டில் மூன்று நாளாக மனைவியோடு பேசவில்லை. அந்த வைராக்கியத்தால் தன்மேல் அவருக்கே மரியாதை கூடியிருந்தது. அன்று காலை அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தவர், அதை மனைவியிடம் சொல்லவில்லை.

மதியத்துக்குள் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது; கை நடுங்கியது.

“என்னப்பா செய்யுது?”

“நீ ஒண்ணு குடுத்த. அப்புறம் மருமக ஒண்ணு குடுத்தா. வேணாம்னா அதுக்கும் சண்டை போடுவீங்களேன்னு முழுங்கிட்டேன்.”

வைராக்கியம் காற்றில் பறந்தது. “ஏம்மா, ஓடி வா! அப்பாவுக்கு மாத்திரை ரெண்டாயிடுச்சு!”

மனைவி சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க, அவர் டாக்டருக்குப் போன் போட்டார்.

“நினைவு இருக்குல்ல? சர்க்கரைத் தண்ணி குடுத்தது சரி. ஆனா சர்க்கரை மறுபடி இறங்கும். மாத்திரை அட்டையோட உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

வண்டியில் அப்பா கொஞ்சம் தெளிந்தார். “ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? அப்ப நாளைக்கு ஒண்ணு போதும்.”

அப்பா நலமாக வீடு திரும்பிய மறுவாரமே அடுத்த சண்டை வந்தது. காலையில் அறிவிப்பாளர் சமையலறை வாசலில் நின்று, “அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது” என்று வானொலிக் குரலில் அறிவித்துவிட்டு, மறுபடி வாயை மூடிக்கொண்டார்.