ஒரு எட்டு, ஒரு கை

என் கையைத் தாண்டிப் போய் ஒருத்தரும் சுவரில் மோதியதில்லை. மூன்று வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லியே சக பயிற்சியாளர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவள் நான். எங்கள் வேலை இதுதான்: சுற்றிலும் வட்டமாகக் கண்ணாடிச் சுவர், கீழே கம்பி வலை, அதற்கடியிலிருந்து சீறி வரும் காற்று. வருகிறவர்கள் அதன்மேல் குப்புறப் படுத்தால் மிதப்பார்கள். நான் வலைமேல் நின்றபடி பிடித்துக்கொள்வேன்.

இந்தக் காற்றுக் கூண்டை டனல் என்போம். பழைய டனல் பத்தடி அகலம். அதை மூடிவிட்டுப் பதினாலடியில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். தேர்வில் தேறினால் புதியதில் வேலை, இல்லாவிட்டால் டிக்கெட் கவுண்டர். இரண்டே வாய்ப்பு. பறந்தே பழக்கமில்லாத ஒரு ஆளையும் நாங்களே கூட்டிவர வேண்டும். நான் அண்ணியைக் கூட்டிப்போனேன். அண்ணி தையல்காரி. கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக் கழற்றக்கூட மறந்து வண்டியில் ஏறிவிட்டாள்.

"காத்து அதே வேகம்தானே? நாலடி கூடினா என்னடி மாறிடப் போகுது?" என்று வழியில் கேட்டாள்.

"ஒண்ணும் மாறாது அண்ணி. பெரிய ரூம்ல படுத்தா தூக்கம் மாறுமா?"

"மாறுமே. உங்கண்ணன் குறட்டை கொஞ்சம் தூரமாக் கேக்கும்."

ஆனால் மாறியிருந்தது. தேர்வுக்கு முன் நான் ஒரு தடவை மிதந்து பார்த்தேன். பழையதில் நம் உடம்பே காற்றின் பாதையைக் கொஞ்சம் அடைத்துக்கொள்ளும். காற்று திமிறிக்கொண்டு, வெடுக் வெடுக்கென்று உதறும். கால் கட்டைவிரலை அசைத்தாலே சுவர் வந்துவிடும். இங்கே காற்று வழுவழுவென்று இருந்தது. விரலை அசைத்தேன், வழுக்கினேன், வழுக்கிக்கொண்டே போனேன், சுவர் வரவே இல்லை. உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது. வெளியே வந்து, "அருமை சார்" என்றேன்.

தேர்வாளர் கண்ணாடிக்கு வெளியே, காற்றைக் கூட்டிக் குறைக்கும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். உள்ளே காற்றின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. எல்லாம் கை ஜாடைதான். அண்ணி மிதந்தாள். கால்கள் மடங்கியிருந்தன. வழக்கம்போலச் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, இரண்டு விரலைக் காட்டினேன். காலை நீட்டு என்று அர்த்தம். அண்ணி கெட்டிக்காரி, ஒரே நீட்டாக நீட்டிவிட்டாள். விருட்டென்று முன்னால் போனாள். பதறாமல் ஒரு எட்டு வைத்துக் கையை நீட்டினேன். பழைய டனலில் அதுவே போதும், யாரும் தப்பமாட்டார்கள். இப்போது கையில் வெறும் காற்றுதான் அகப்பட்டது. எதிர்ச்சுவரில் தோள் இடித்து, அண்ணி என் தலைக்கு மேலே எழும்பினாள். ஐயோ! தேர்வாளர் காற்றைக் குறைத்தார். அண்ணி மெல்ல வலையில் இறங்கினாள்.

"சுவரை விட்டு நடுவுக்கு வாங்க மேடம். இன்னொரு சான்ஸ் இருக்கு" என்றார் தேர்வாளர்.

காத்திருக்கும் அறையில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன் அண்ணி காலை அப்படி நீட்டுனீங்க?"

"நீதானடி விரலைக் காட்டினே!"

சொல்லிவிட்டு, பையிலிருந்து டேப்பை எடுத்து என் தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்தாள். எட்டு வைக்கச் சொல்லி அதையும் அளந்தாள். "எட்டு ரெண்டே முக்கால் அடி, கை ரெண்டேகால். மொத்தம் அஞ்சு. பழைய டனல்ல சுவர்லேர்ந்து நடுவுக்கு எவ்வளவு?"

"அஞ்சு."

"இங்க ஏழு. ஒருத்தருக்குத் தைச்ச சட்டையை இன்னொருத்தருக்கு மாட்டிட்டு, துணியத் திட்டுறியே!"

மூக்கறுபட்டு நின்றேன். அண்ணி டேப்பைச் சுருட்டியபடி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கவா? நீ பிடிக்காம விட்டியே, அந்தக் கொஞ்ச நேரம். எனக்கு உடம்பே இல்லாத மாதிரி இருந்துச்சுடி. பழைய டனலுக்கு வந்தவங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா?"

ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டி, வாரை இறுக்கினேன்.

இரண்டாம் முறை சுவரை விட்டு நடுவுக்குப் போனேன். அண்ணி நகர்ந்த பக்கமெல்லாம் கூடவே நடந்தேன். அவள் பறக்கும் உடையின் முதுகுப் பட்டியை விடாமல் பிடித்திருந்தேன். விடு என்பதுபோல அண்ணி என் கையைத் தட்டினாள். முறைத்தேன். மறுபடியும் தட்டினாள். இன்னொரு தடவை இடித்தால் டிக்கெட் கவுண்டர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக எடுத்தேன். அண்ணி ஆடினாள், சாய்ந்தாள், தானே நிமிர்ந்தாள். அரை எட்டு தள்ளி நானும் அவளோடு சாய்ந்து சாய்ந்து நடந்தேன். கை மட்டும் காலியாகவே இருந்தது.

வெளியே வந்ததும் தேர்வாளர் கேட்டார்: "எத்தனை செகண்ட் கையை விட்டீங்க, தெரியுமா?"

போச்சு என்று நினைத்தேன். "தெரியல சார்."

"இருபத்திரண்டு. பழைய டனல்ல ஒரு ஆளை எவ்வளவு நேரம் பிடிக்காம விடுவீங்க?"

"நகர்ந்ததுமே பிடிச்சிடுவேன் சார்" என்றேன். அவர் தாளில் ஏதோ எழுதினார். "தேறிட்டீங்க. திங்கக்கிழமை வந்துடுங்க."

அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். தலைமுடி முள்ளாக நின்றது. "நான் பறந்தேன்டி! நானே பறந்தேன்!"

இதே வார்த்தையைப் பழைய டனலில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஹெல்மெட்டை வாங்கி அடுக்கிக்கொண்டே நானும் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன். அத்தனை பேர் முதுகிலும் என் கை இருந்தது.