புளிக்கொட்டகையில் கரிச்சட்டி

தை மாதத்து விடியலில் ஜவ்வாது மலையில் கைவிரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. அந்த விரல்களால்தான் புளியடிக்க வேண்டும். மேலோட்டை உதிர்த்து, நாரை இழுத்து, பழத்தைக் கருங்கல்லின் மேல் வைத்து, கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலை ஓங்கி இறக்கினால் கொட்டை தெறிக்கும். அடி கொஞ்சம் விலகினாலும் விரல் நசுங்கும். பொழுது புலருமுன்பே அந்தச் சத்தம் எங்கள் தகரக் கொட்டகையிலிருந்து கிளம்பிச் சரிவெல்லாம் கேட்கும்.

பனியில் நமத்த ஓடு நொறுங்காது. வெயில் ஏறட்டும் என்று காத்திருக்க முதலாளி கோபால்சாமிக்கு மனமில்லை. இரும்புச் சட்டிகளில் கரியைக் கொட்டி மூட்டி, புளிக்குவியலைச் சுற்றி வைத்தார். விறகு எரித்தால் பழத்தில் புகைவாடை ஏறும். கரியில் புகை கிடையாது. சூடு வெளியே போகாதபடி கதவைச் சாத்தி, ஜன்னல்களில் சாக்கை வைத்து ஆணியடித்தார். ஓடு மொறுமொறுவென்று உடைந்தது. "குளுருக்கு எதமாத்தான் கீது" என்று பெண்களும் சொன்னார்கள். புகையே இல்லாத நெருப்பு யாரை என்ன செய்துவிடும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் சிங்காரம், செங்கத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து சாக்கு தைக்கிறவன். தையலுக்கு வெளிச்சம் வேண்டுமென்பதால் எனக்கு வெளித் தாழ்வாரத்தில் இடம். வாடைக்காற்றில் நடுங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களை நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

பாஞ்சாலைக்குத்தான் முதலில் வலி என்று வெளியே தெரிந்தது. மலையில் பிறந்து வளர்ந்தவள், நல்ல கைவேகம். "நெத்திக்குள்ள எவனோ குந்திக்கினு கொட்டாப்புளி போடறாண்ணா" என்று தலையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வருவாள். மேஸ்திரி சின்னராசு சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டுவான். "முழுங்கிட்டு போய் குந்து. லாரி வர்ற நேரம்." நாளாக ஆக, மாத்திரை தின்ற சற்று நேரத்தில் வாந்தியும் வந்தது. அவள் பக்கத்துக் கல்லில் உட்காரும் அம்மாக்கண்ணு, "புளியமரத்துக் காத்து அடிச்சிருக்கும்டி" என்று வேப்பிலை அடித்துப் பார்த்தாள். காத்து போகவில்லை.

ஒருநாள் காலை முதலாளி எடைக்கல் அருகே நிற்கும்போது பாஞ்சாலை எழுந்து வந்தாள்.

"மொதலாளி, கீழ ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துட்றேங்க."

"தலைவலிக்கா ஆஸ்பத்திரி? அங்க போய்த் தலைய நீட்டினா கிரீடமா வைக்கப் போறான்?"

சின்னராசு சிரித்தான்.

"கண்ணு இருட்டுதுங்க."

"இன்னாத்துக்கு இருட்டாது? சரியா துன்றதில்ல, தூங்கறதில்ல. இதோ பாரு, பஸ் ஏறினா ஏறினதுதான். உன் கல்லுல வேற ஆளு குந்தும்."

அவள் கல்லுக்குத் திரும்பினாள். நான் ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு அலறல். அடி விரலில் விழுந்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாஞ்சாலை அப்படியே குவியலின் மேல் சாய்ந்து கிடந்தாள். நானும் அம்மாக்கண்ணுவும் அவளைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தோம். வாடைக்காற்று பட்டதும் கண் திறந்தாள். சின்னராசு எங்கள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான். சூடு போய்விடக் கூடாதே!

அந்தக் கதவுச் சத்தம்தான் என்னை எழுப்பியது. ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு, "வா, பஸ்ஸு போய்டும்" என்றேன். அம்மாக்கண்ணுவும் கூடவே கிளம்பினாள்.

பஸ் வளைவுகளில் இறங்க இறங்க, பாஞ்சாலை முகத்தில் தெளிவு வந்தது. அவளோ அழ ஆரம்பித்தாள்.

"இன்னாடி, அதிகமாவுதா?"

"கொறையுதுக்கா. அங்க போறதுக்குள்ள சுத்தமா வுட்டுட்டா, டாக்டரு என்னைப் பொய்க்காரின்னுவாரே!"

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கசங்கிய கோட்டு போட்ட இளவயதுப் பெண் அவர். விரலுக்குக் கட்டுப்போட்டபடியே கேட்டார். "வலி எப்ப வருது?"

"வேலைக்குக் குந்தினா வருதுங்க. வூட்டுக்குப் போனா எறங்குது. காலைல மறுபடியும்."

"வேலைக்குப் போகாத நாள்?"

பாஞ்சாலை யோசித்தாள். "சந்தை நாள்ல வர்றதில்லைங்க."

டாக்டரின் பார்வை அம்மாக்கண்ணு பக்கம் திரும்பியது. அவள் நெற்றியைச் சுற்றி இறுக்கமாக ஒரு துணி. எங்கள் கொட்டகையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள்.

"உங்களுக்கு எதுக்கும்மா கட்டு?"

"புளித்தூசிக்குங்க."

"இங்க ஏது புளித்தூசி?"

அம்மாக்கண்ணு முடிச்சை அவிழ்த்தாள். நெற்றியில் துணி பதிந்த தடம் சிவந்திருந்தது. "எனக்கும் வலிதாங்க. சொன்னா வயசாயிடுச்சின்னு நிறுத்திடுவாங்கோ. இறுக்கிக் கட்டினா கொஞ்சம் தாங்குது."

பாஞ்சாலை அவளையே பார்த்தாள். "எக்கா... பக்கத்துக் கல்லுல குந்திக்கினு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"உங்களுக்கு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"எனக்கு இல்லீங்க. நான் வெளிய குந்தறேன்."

"உள்ள என்ன இருக்கு?"

சொன்னேன். சட்டி, கரி, சாத்திய கதவு, சாக்கடித்த ஜன்னல். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"விறகுப் புகையா இருந்தா கண்ணு எரியும், இருமுவீங்க, எழுந்து ஓடிடுவீங்க. கரியில வர்ற விஷக்காத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மூடின எடத்துல அதையே இழுத்துக்கிட்டிருந்தா தலை வலிக்கும், வாந்தி வரும், ஒருநாள் மயங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க. மாத்திரை வலியை அமுக்கும், காத்தை மாத்தாது. கதவைத் திறக்கணும். சட்டி வெளிய போகணும். உள்ள இருக்கிற அத்தனை பேரையும் கூட்டிட்டு வாங்க, நான் பாக்கணும்."

மறுநாள் விடியலில் பாஞ்சாலையின் கல்லில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பாஞ்சாலை வாசலிலேயே நின்று, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் முதலாளியிடம் சொன்னாள்.

"கதவைத் தொறந்தா ஓடு நமத்துப் போகும். லாரிக்காரனுக்கு அந்த டாக்டரம்மாவா பதில் சொல்லுவா?"

"சட்டிய எடுத்துடுங்க மொதலாளி. வெயில் வந்தப்புறம் களத்துல காயவெச்சி அடிக்கிறோம்."

"மலைமேல என்னிக்குடி நேரத்துக்கு வெயில் வந்திருக்கு? உனக்கு வலின்னா நீ போ. இத்தினி பேரு நல்லாத்தானே குந்தியிருக்காங்கோ? ஏய், யாருக்காவது தலைவலி இருக்குதா? சொல்லுங்க, இப்பவே கணக்கு முடிச்சி அனுப்பிடறேன்."

கொட்டாப்புளிகள் நின்றன. பெண்கள் தலைத்துணியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்கள். கரி மட்டும் சட்டியில் செக்கச்செவேலென்று கனிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றார் முதலாளி.

அம்மாக்கண்ணு உள்ளே போனாள். தன் கல்லருகே நின்று, தலைத்துணியை அவிழ்த்து உதறினாள்.

"எனக்கு இருக்குது மொதலாளி."

மூலையில் இருந்த கெங்கம்மாளின் கை மெல்லத் தன் முடிச்சுக்குப் போனது. "எனக்குந்தான். புள்ளைக்குப் பால் குடுக்கக்கூட குனிய முடியல." அடுத்து செல்லி. "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிக்கினு இருந்தேனே!" பிறகு யார் முதலில், யார் பின்னால் என்று தெரியவில்லை. ஒவ்வொரு நெற்றியிலும் அதே சிவந்த தடம். பாஞ்சாலையின் இடத்துக்கு வந்த புதியவள் துணி கட்டியிருக்கவில்லை. சுற்றிலும் பார்த்தாள், கல்லை விட்டு எழுந்துவிட்டாள்.

"நாடகமா ஆடறீங்க? போறவளுங்க போங்க! நாளைக்கே கீழேருந்து ஆள் எறக்கறேன்."

"எறக்குங்க," என்றாள் பாஞ்சாலை. "அவங்களுக்கும் தலை கீது இல்ல? வந்தா, இதையேதான் சொல்லுவோம்."

அம்மாக்கண்ணு கல்லின் மேலிருந்த கொட்டாப்புளியைக் கையில் எடுத்தாள். எங்கள் வழக்கத்தில் சீசன் முடியும்வரை அது கொட்டகையை விட்டு வெளியே போகாது. போனால் வேலை நின்றது என்று பொருள். ஒருத்தி பின் ஒருத்தியாக எல்லோரும் எடுத்தார்கள். சின்னராசு கதவை மறித்து நின்றான். எதிரே வருகிறவர்களைப் பார்த்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே விலகினான். நான் ஜன்னல் சாக்குகளைக் கத்தியால் கிழித்து இறக்கினேன். எத்தனையோ நாளாக உள்ளே வராத வாடைக்காற்று குவியலின் மேல் வீசியது.

பஸ் வளைவில் எல்லோரும் நின்றோம். நாளைக்குக் கூழுக்கு என்ன வழி என்று யாருக்கும் தெரியாது. கொட்டகைப் பக்கம் முதலாளி யாரையோ திட்டும் குரல் இன்னும் கேட்டது.

பஸ் வந்தது. கொட்டாப்புளிகளோடு ஏறுகிற கூட்டத்தைப் பார்த்துக் கண்டக்டர் மிரண்டுபோனார். "இன்னாம்மா இது! எந்த ஊர்ல சண்டை?"

"சண்டையில்ல சாமி," என்றாள் அம்மாக்கண்ணு. "தலைவலிக்கு ஆஸ்பத்திரி போறோம்."

"இத்தினி பேருக்குமா?"

"ஆமா. இத்தினி பேருக்கும் ஒரே வலி."