ஒத்துக்கொண்டவன்

தம்பி சபரீஷ் கிடந்த கண்ணாடிப் பெட்டிமேல் மாலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்த புவனாவின் கை, அப்பா பேசியதைக் கேட்டு நின்றுவிட்டது.

"என்ன பண்றதுங்க மச்சான், டாக்டருக்குக் கொற வெச்சமா, மாத்திரைக்குக் கொற வெச்சமா? தனக்கு நோய்னு கடைசி வரைக்கும் அவனே ஒத்துக்கலீங்க" என்று அங்கப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

புவனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட மனுசா, ஒத்துக்கொள்ளவில்லையா!

ஒத்துக்கொள்ள அவன் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். காதில் கேட்கிற குரலெல்லாம் நிஜம் என்று வருசக்கணக்கில் சண்டை போட்டவன். பைத்தியம் என்கிற பேரை யார்தான் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்வார்கள்? போன தை மாசம், தேங்காய் உரித்துக்கொண்டே அவனாகச் சொன்னான்: "அக்கா, அது நோய்தானாட்ட இருக்குது. மாத்திரை போட்டா கொரல் அடங்கிக்குது." அன்றைக்குச் சந்தோஷத்தில் அவள் அழுதேவிட்டாள்.

அப்புறம்தான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். தோட்டத்தில் விவசாயம் பார்க்கிறவனுக்குப் பெண் கிடைக்காத காலத்தில் அங்கப்பன் அலைந்து பிடித்த சம்பந்தம். சபரீஷ் பெண்ணின் அப்பாவிடம் நேராகவே, "எனக்கு மனநோய் இருக்குதுங்க. மாத்திரை சாப்பிடறனுங்க. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க" என்றான்.

அவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். போன கையோடு அங்கப்பன் மாத்திரைகளைச் சாணிக்குழியில் வீசினார். "நோயாமா நோய்! உனக்கு ஒண்ணுமில்லடா. இன்னொருக்கா அந்தப் பேச்செடுத்தீன்னா ஊட்டுக்குள்ள வராத!"

சொந்தபந்தமெல்லாம் அதையே ஓதியது. நம்பிவிட ஏங்கிக் கிடந்தவன், நம்பிவிட்டான். நேற்றுக் காலையில் யாரோ துரத்துவதாகக் கத்திக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் ஓடி, லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான்.

"அவன் ஒத்துக்கிட்டானுங்க!" புவனா போட்ட சத்தத்தில் வாசல் பந்தல்வரை பேச்சு நின்றது. "பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னாடி வாயத் தொறந்து சொன்னானுங்க. நீங்கதானப்பா நோயே இல்லைன்னு மாத்திரைய வீசிப்போட்டீங்க. செத்தவன் மேல பழியப் போடறீங்களே, வெக்கமா இல்லீங்களா?"

"அம்மணி, எழவு ஊட்டுல என்ன பேச்சு இது?" என்றார் மாமா.

"பேசட்டுமுங்கண்ணா." சென்னியம்மாள் காலையிலிருந்து சொன்ன முதல் வார்த்தை அது. மகனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அங்கப்பன் யார் முகத்தையும் பார்க்காமல், "எடுக்கறதுக்கு நேரமாச்சுங்க" என்றார்.

பெட்டியைத் திறந்தார்கள். மகனின் தலைமாட்டைப் பிடிக்க அவர் குனிந்தார். சென்னியம்மாள் எழுந்து வந்து, அவர் கையை எடுத்து அப்பால் விட்டாள்.