தொப்புளுக்குள் ஒரு தையல்

பிழைக்க வந்த வடக்கத்தி ஊரின் ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா தாளில் பன்னிரண்டுக்கு ஏழு என்று எழுதி வட்டம் போட்டதும் மாரீஸ்வரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பன்னிரண்டுக்கு ஏழு. பாஸ்தான்ட்டி," என்றான் மனைவி விஜயராணியிடம்.

"இது பரீட்சை மார்க் இல்லை. கூடக் கூட ஆபரேஷன் கஷ்டம்," என்று, 'பாஸ்' மட்டும் புரிந்த டாக்டரம்மா இந்தியில் சொல்லிச் சிரித்தாள். விஜயராணியின் ஈரலில் வலப்பக்கம், பின்னால், பெரிய ரத்தக் குழாயை ஒட்டி இருந்தது கட்டி. அதையெல்லாம் கூட்டித்தான் ஏழு. ஆனாலும் வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டே எடுத்துவிடலாம் என்றாள். "முதல் துளை தொப்புளில். அங்கே பழைய ஆபரேஷன் ஏதாவது உண்டா? குடல் ஒட்டியிருந்தால் கருவி குத்திவிடும். இந்த ஏழில் அது சேராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"ஒண்ணும் கிடையாது மேடம். ரெண்டும் சுகப்பிரசவம்." மாரீஸ்வரன் முந்திக்கொண்டான். எங்கே போனாலும் அவளுக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

விஜயராணி முந்தானையைச் சுருட்டினாள். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்து, ஆண்பிள்ளை வேண்டுமென்று இவன் குலசாமிக்குக் கிடா நேர்ந்த வருஷம், அவள் சொல்லாமல் போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள். தழும்பு வெளியே தெரியாது. சாமி கண் திறக்கவில்லையே என்று இவன் புலம்பும்போதெல்லாம் சோறு போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாள். பதினெட்டு வருஷம்.

சொன்னால் இந்த மனுஷன் என்ன ஆவான்? சொல்லாவிட்டால் கருவி குத்தும்.

"இருக்கு மேடம்," என்றாள் இந்தியில். "பிள்ளை போதும்னு பண்ணின ஆபரேஷன். தொப்புள் வழியாத்தான்."

டாக்டரம்மா ஏழுக்குப் பக்கத்தில் ஏதோ குறித்தாள். நல்லவேளை சொன்னீர்கள், முதல் துளையை வேறிடத்தில் போடுகிறோம், முடியாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும் என்றாள்.

வெளியே பெஞ்சில் மாரீஸ்வரன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எப்போட்டி?"

"சின்னவளுக்கு ரெண்டு வயசுல. வயித்து வலின்னு படுத்திருந்தேம்லா."

"வாயுன்னு சொன்னே. நான் சோடால்லா வாங்கியாந்தேன்."

"குடிச்சேம்லா."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை.

"கூட யாரு வந்தா?"

"ஒருத்தரும் வரல. பஸ் பிடிச்சுத் திரும்பிட்டேன்."

"தையலோட பஸ்லயா? மூதி. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ஆனா டாக்சியிலல்லா கூட்டியாந்திருப்பேன்."

"சண்டை முடிஞ்சு டாக்சி வர நாலு நாளாயிருக்கும்," என்றாள் விஜயராணி.

அவள் மடியிலிருந்த ஸ்கேன் கவரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.